இன்னும் காலமாகாதவருக்கு ஓர் இரங்கல் குறிப்பு

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உறுதிசெய்யாத தகவலை இருபத்தெட்டு வருடமாக நான் எழுதியதில்லை. ஆகவே அந்த வரியை இன்று பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். நீயும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அத்தான் பக்கத்திலிருந்து சிரிப்பார். அதனால்தான் கடிதம்.

வெளிநாட்டு விவகாரம் எழுதும் நிருபர்கள் எட்டுப் பேரை இந்த நிலையத்தில் மூன்று மாதம் தங்கவைத்து, ஆளுக்கொரு விஷயத்தை ஆராயச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? அறை, மேசை, நூலகம், சாப்பாடு எல்லாம் உண்டு. மாலை ஆறு மணிக்கு "மேட்டர் எங்கய்யா?" என்று கத்துவதற்கு மட்டும் ஆள் கிடையாது. என் தலைப்பு, இரண்டு நாடுகள் சண்டையில்லாமல் ஓர் ஆற்றைப் பங்கிட்டுக்கொண்ட பழைய ஒப்பந்தம். இங்குள்ள இயக்குநர்தான் அன்று பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கிய தூதர். வயது எண்பத்தொன்று. எதைக் கேட்டாலும், "எல்லாம் ஃபைல்ல இருக்கு, படிங்க" என்பார். ஐந்து வாரம் படித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர் ஒருவர் எண்பதைத் தாண்டினால் அவருடைய இரங்கல் குறிப்பை முன்னதாகவே எழுதி வைத்துவிடுவோம். அச்சுக்குப் போகிற நேரத்தில் அவர் போய்விட்டால் யார் ஓடியாடி விவரம் தேடுவது? இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நான் எழுதி வைத்த நாற்பது பேரில் பெரும்பாலோர் இன்னும் நடைப்பயிற்சி போகிறார்கள். இங்கே ஐந்து வாரமாக ஒரு செய்திகூட எழுதாமல் கை பரபரத்துக்கொண்டிருந்தது. எதிர் மேசையில் இயக்குநர் மெதுவாக சூப் குடித்துக்கொண்டிருந்தார். எழுதிவிட்டேன். "மூத்த தூதர் இன்று (கிழமை) காலமானார். அவருக்கு வயது (சரிபார்க்கவும்)."

இன்று இடைக்கால அறிக்கை கொடுக்க வேண்டிய நாள். காலையில் அறிக்கை, இரங்கல் குறிப்பு இரண்டையும் பொதுப் பிரின்டரில் சேர்த்து எடுத்து, ஒன்றை உறையில் போட்டு அலுவலகத்தில் கொடுத்தேன், இன்னொன்றை என் இழுப்பறையில் வைத்தேன். பதினோரு மணிக்கு இழுப்பறையைத் திறந்தால் உள்ளே ஆற்று நீர் ஒப்பந்தம் இருக்கிறது. அப்படியானால் உறைக்குள் போனது எது? ஓடினேன். அதற்குள் உறையைப் பிரித்த நிர்வாகி அம்மா, மேலே "நிறுத்தி வைக்கவும்" என்று போட்டிருந்ததைப் பார்க்காமல் முதல் வரியை மட்டும் படித்து, நாற்காலியில் சரிந்து, பிறகு எழுந்து, மரியாதை நிமித்தம் நூலகத்தைப் பூட்டிவிட்டிருந்தார். எங்கள் எட்டுப் பேரில் ஒருவரான செய்தி நிறுவனத்துக்காரர், முந்திக்கொண்டு செய்தி கொடுக்கத் தாழ்வாரத்தில் போனும் கையுமாக நின்றார். அவர் தோளைத் தட்டி, "யாருக்குப்பா போன்? லைப்ரரி ஏன் பூட்டியிருக்கு?" என்று கேட்டது இறந்தவரேதான். நடைப்பயிற்சி முடித்து வந்திருந்தார். நிர்வாகி அம்மா, "ஐயா, நீங்க..." என்று தொடங்கி, அதற்கு மேல் சொல்ல முடியாமல் தாளை நீட்டினார்.

இயக்குநர் நின்றபடியே முழுவதையும் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "யாரு எழுதினது?" சிறைக்குப் போனாலும் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கமாட்டோம் என்று நேற்றுத்தான் சாப்பாட்டு மேசையில் வீரம் பேசிய ஏழு பேரும் ஒரே சமயத்தில் என்னைக் கைகாட்டினார்கள், அக்கா. "மூணு மணிக்கு ரூமுக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம் இருந்ததா என்றுகூட என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.

அனுப்பிவிடுவார்கள். பத்திரிகை அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது விளையாட்டுப் பக்கத்துக்காரர் உட்கார்ந்திருக்கிறார், மூன்று மாதம் முடியாமல் எழுந்திருக்கமாட்டார். நீயோ நான் இங்கே வந்திருப்பதைச் சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாய். தயவுசெய்து உன் மாடி அறையைக் கொஞ்சம் ஒழித்து வை. கட்டிலின் மேல் இருக்கும் அத்தானின் பழைய பேப்பர் கட்டுகளை எடுத்தால் போதும். என் மனைவியிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். குண்டு விழுகிற இடத்திலிருந்து செய்தி அனுப்பியவன்தான் நான். ஆனால் இதை அவளிடம் நேரில் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலனும் பெற்று வாழட்டும், நிருபர் வேலைக்கு மட்டும் போகாமல்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: தபால்காரர் வருவதற்கு முன் உறையைப் பிரித்து எழுதுகிறேன். மாடி அறையைத் தொடாதே. அவளிடம் வாயைத் திறக்காதே. மேலே எழுதியது எதுவும் செல்லாது.

மூன்று மணிக்குப் போனால், இயக்குநர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

"ரெண்டு மகன்கள்னு மட்டும் போட்டிருக்கீங்க. ரெண்டு பொண்ணுங்களும் இருக்காங்கய்யா. இத அவங்க பாத்தா நீங்க எழுதினத நெசமாக்கிடுவாங்க."

"மன்னிச்சிடுங்க ஐயா."

"அப்புறம் இது. 'கடைசி நாளில் அயராது போராடி ஒப்பந்தத்தைச் சாதித்தார்.' யாரு சொன்னது?"

"ஃபைல்ல இருக்குங்க."

"ஃபைல எழுதினதே நான்தானே! அன்னிக்கு எனக்கு நூத்திமூணு டிகிரி காய்ச்சல். பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன். ரெண்டு பக்கத்தையும் விடாம உக்கார வச்சுப் பேசி முடிச்சது மொழிபெயர்ப்பாளர் அம்மா. நான் எழுந்து வந்து கையெழுத்து மட்டும் போட்டேன்."

"இத்தன வருஷமா ஏங்கய்யா சொல்லல?"

"உயிரோட இருக்கிறப்ப அந்தப் புகழ் நல்லாத்தான் இருந்துது. செத்த பிறகும் அதே பொய்தான் வரும்னு இன்னிக்கு இதப் படிச்சப்பத்தான் தெரிஞ்சுது. பிடிக்கல."

அந்த அம்மா இன்னும் இருக்கிறாராம். முகவரி எழுதிக் கொடுத்தார். ஐந்து வாரம் படித்து நான் எழுதிய அறிக்கை குப்பைக்கூடைக்குப் போயிற்று. அவரைப் பார்த்துப் புதிதாக எழுதுவதற்காக, நான் இங்கே தங்கும் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டது.

கதவு வரைக்கும் வந்தவர், "இதெல்லாம் திருத்தினப்புறம் எப்போ பேப்பர்ல வரும்?" என்று கேட்டார்.

"அவசரமே இல்லைங்க ஐயா" என்றேன்.