நான் கவிழ்த்த கப்பல்

மனைவியின் கப்பலைக் கவிழ்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

நிஜக் கப்பல் இல்லை, கம்ப்யூட்டர் விளையாட்டுக் கப்பல். சாயங்காலம் நான் அச்சகத்திலிருந்து வரும்போது அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேறு ஊரில் இருக்கும் தங்கையோடு நடுக்கடலில் இருப்பாள். ஒருத்தி பாய் விரிப்பாள், ஒருத்தி பீரங்கி சுடுவாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பதினாறு வருஷத்தில் என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கட்டை விரல் மிச்சமிருக்கும்.

"விளையாடாதே" என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. கொள்கையைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரின் பழைய இயங்குதளத்தை வழித்துத் துடைத்துவிட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன்.

"இது சுதந்திர மென்பொருள். இனிமே நாம யாருக்கும் அடிமையில்லை."

"கப்பல் ஓடுமா?"

"அது பழசுக்காக எழுதினது. இதுக்குப் பொருந்தாது."

"நாமகூடத்தான் பொருந்தலை. ஓடலையா? ஓட வைங்க."

ஓட வைப்பதாக நடிக்க ஆரம்பித்தேன். தினமும் கறுப்புத் திரையைத் திறந்து எதையாவது தட்டுவேன். பிழைச் செய்தி கொட்டும். உச்சுக் கொட்டுவேன்.

"இன்னைக்கு என்னவாம்?"

"இந்த மென்பொருள் பொதி அந்தப் பொதியைச் சார்ந்திருக்கு. அது இதைச் சார்ந்திருக்கு. ஒண்ணில்லாம ஒண்ணு வரமாட்டேங்குது."

"குடுத்து வெச்ச பொதிங்க" என்று தையலில் குனிந்துகொண்டாள்.

என்னோடு பேசுவாள் என்று பார்த்தேன். அந்தப் பேச்சோடு சரி. இரண்டு வாரம் கழித்து ஒருநாள், கன்னத்தில் கை வைத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நிஜமாகவே ஓட வைக்க உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது, நிஜமாகவே எனக்குத் தெரியாது என்று. ஒரு பொதி ரொம்பப் பழசு, இன்னொன்று ரொம்பப் புதுசு. விளையாட்டை அதன் சொந்த வீட்டில் இருப்பதாக நம்பவைக்க இடைத்தரகன் மாதிரி ஒரு நிரல் உண்டு. அது என்னையே நம்பவில்லை. சத்தம் வந்தால் படம் வராது. படம் வந்தால் கடல் மேலே, வானம் கீழே. பத்தாம் நாள், ஓடியது!

"வா! வந்து பாரு!"

கையைத் துடைத்துக்கொண்டே வந்து தன் விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டினாள். திரை சொன்னது: 'கடைசியாக ஆடியது: இன்று, மதியம் இரண்டு மணி.'

"இது... எப்படி?"

"நீங்க போட்ட ரெண்டாம் நாளே உதவிக் குழுவுல கேட்டேன். யாரோ ஒரு பொண்ணு எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி வெச்சிருக்கா. ஒரே வரி தட்டினாப் போதும். இதே கம்ப்யூட்டர்ல தனி லாகின்ல போட்டுக்கிட்டேன். நீங்க வேலைக்குப் போனதும் ஆடுவோம்."

"அப்புறம் ஏன் கன்னத்துல கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே?"

"கடைவாய்ப் பல்லு வலி. நீங்கதான் என்னன்னு கேக்கலையே."

"ஓடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க இது முன்னாடி உட்கார்ந்துட்டா வீடு அமைதியா இருந்துச்சு."

திரையின் ஓரத்தில் மச்சினி எழுதியது முளைத்தது: 'அக்கா, மாமா இன்னும் நடிச்சிட்டுத்தான் இருக்காரா?'

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"இல்லடி, பாவம். கடைசியில நிஜமாவே முயற்சி பண்ணிட்டாரு."

அந்தப் பக்கம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சேர்ந்து சிரிக்கலாமா என்று வாயைத் திறந்தேன்.

"போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.