நாக்கை நீட்டிய கண்டக்டர்

குறட்டையால் பட்டம் வாங்கிய மனிதர் தமிழ்நாட்டிலேயே எங்கள் 'ரைஸ்மில்' ஒருவர்தான். இல்லை என்பவர் என்னோடு சண்டைக்கு வரலாம். பெருநகருக்கும் உத்திரமேரூருக்கும் ஓடும் மினி பஸ்ஸின் டிரைவர் அவர். நான் உத்திரமேரூரில் பள்ளிக்கூட வாத்தியார். தினமும் அவர் வண்டிதான். பஸ் ஸ்டாண்டில் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்தாரென்றால் பக்கத்து டீக்கடையில் பேச்சு கேட்காது. சட்டென்று சத்தம் நிற்கும், மூச்சும் நிற்கும். டீ கிளாஸோடு எட்டிப் பார்ப்போம். 'கர்ர்' என்று மில் மறுபடி ஓடும். நாங்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம், மடையர்கள்!

ஒரு நாள் ஓட்டும்போதே கண் சொருகி, வண்டியை நாற்றங்காலில் இறக்கிவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. சேற்றில் நின்றபடி என்னைத்தான் கேட்டார்: "இன்னா சார், ரோடு திரும்புதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் மனைவி செல்வியக்கா அன்றைக்கே காஞ்சிபுரத்து டாக்டரிடம் இழுத்துப் போனார். தூக்கத்தில் நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து மூச்சு வழியை அடைக்கிறதாம். பகல் தூக்கம் அதனால்தானாம். ராத்திரி மூக்கில் மெஷின் மாட்ட வேண்டும். தினமும் நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி செய்ய வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. இருபது வருஷம் ஓட்டிய மனுஷன், பாவம், அழுதேவிட்டார். பஸ் ஓனர் பாய் இரக்கப்பட்டு, வேறு டிரைவரைப் போட்டு, இவர் தோளில் கண்டக்டர் பையை மாட்டினார்.

மறுநாளே வேடிக்கை ஆரம்பம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பின்னால் இழுப்பார். கன்னத்தை உப்புவார். "ஆ... ஓ..." என்று இழுத்துக்கொண்டே படிக்கட்டுக்கும் கடைசி சீட்டுக்கும் நடப்பார். டிக்கெட் கேட்டால், முடிகிறவரை பொறு என்று கை காட்டுவார்.

"எழுதி வெச்சிக்கோ சார். அந்த டிரைவர் சீட்டு என்னுது. நாக்க தூக்கி நிறுத்திட்டு வந்து குந்துறேன் பாரு."

ஆடி வெள்ளியன்று வண்டி முழுக்க அம்மனுக்குக் கூழ் ஊற்றப் போகும் பெண்கள். இவருக்கோ நாக்கை வெளியே நீட்டிப் பத்து எண்ணும் நேரம். முழு நீளத்துக்கு நீட்டினார். கண்ணும் மேலே போய்விட்டது.

"ஐயோ, ஆத்தா வந்துட்டாடி!" என்று முன் சீட்டு அம்மாள் அலறினார். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். "ஓம் சக்தி, பராசக்தி" என்று வண்டியே அதிர்ந்தது.

"தாயே, எம்பொண்ணு கல்யாணம் எப்ப ஆவும்?"

விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த இவர் அப்போது ஏழில் இருந்தார்.

"ஏழு மாசமா! உத்தரவு தாயே!"

பத்து முடிந்து நாக்கு உள்ளே போனது. "யக்கா, இது டாக்டரு சொன்ன எக்சர்சைஸு. டிக்கெட் எடு."

"பாவம், ஆத்தா வந்தது அவருக்கு எப்பிடிடீ தெரியும்?" என்றார் அந்த அம்மாள், பக்கத்து சீட்டுக்காரியிடம்.

யார் சிரித்தாலும் ஒரு நாள்கூட விடவில்லை. ஐப்பசியில் டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, "ஓட்டலாம், ஆனால் மெஷினையும் பயிற்சியையும் நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டார். மறுநாள் முதல் டிரிப்புக்கு நானும் முன்னாலேயே போய் நின்றேன். மனிதர் மாப்பிள்ளை மாதிரி சீட்டில் ஏறி உட்கார்ந்தார். செல்வியக்காவும் ஏறி, முன் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.

பாதி வழியில் ரோட்டை அடைத்துக்கொண்டு எருமைக் கூட்டம். வண்டி நின்றது, ஹாரன் சத்தத்தைக் காணோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், ஹாரனை அடியும்! பள்ளிக்கூடத்துக்கு லேட் ஆகுது."

அவர் திரும்பிக் கண்ணால் முன் சீட்டைக் காட்டினார். செல்வியக்கா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"கம்முனு இரு சார். மூணு வருசமா என் மூச்சு நிக்கிறப்பலாம் தட்டித் தட்டி எழுப்பிக்கினே இருந்திச்சு. மெஷின் வந்த பொறவும் நம்பாம முழிச்சி முழிச்சிப் பாத்துக்கினு கெடந்திச்சு. இன்னிக்கித்தான் தூங்குது."

எருமைகள் இன்னும் கொஞ்சநேரம் நின்றால் தேவலை என்று இருந்தது எனக்கு.