பெட்டியில் வந்த மாப்பிள்ளை

ஒரு பாஷை தெரியும் என்று சொல்பவனை யாரும் உடனே சோதித்துப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பலர் காலம் தள்ளுகிறோம். என்னைச் சோதித்துவிட்டார்கள், அதுவும் சேலத்தில் ஒரு கூடாரக் கொட்டகை நிறைய ஜனங்களுக்கு முன்னால்.

படங்கள் பேசாத காலம் அது. திரையில் வரும் ஆங்கில எழுத்துகளைப் படித்து, பக்கத்தில் மேடைமேல் நின்று ஒருவர் கதையைத் தமிழில் உரக்கச் சொல்லுவார். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த என்னை முதலாளி ராவுத்தர் பிடித்துக்கொண்டார்.

"இங்கிலீசு தெரியும்னுதானேப்பா வேலைக்குச் சேந்தே? போய் நில்லு!"

(தெரிந்ததெல்லாம் என் பெயரை எழுத மட்டும்தான்.)

ஓடியிருப்பேன். ஆனால் முன்வரிசையில் எடப்பாடி விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தம் மகளை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர். பையன் இங்கிலீஷ் படித்தவன் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார்.

படம் தொடங்கியது. முதல் வார்த்தையை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் எழுத்துகள் மறைந்தன. வெளுத்த முகத்தோடு ஒரு பிரபு, ஒரு பெண்ணின் படத்தை உற்றுப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது.

"மாப்பிள்ளை பெண் பார்க்கப் புறப்படுகிறார்!" என்று முழங்கினேன்.

அடுத்த காட்சியில் மாப்பிள்ளை ஒரு சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"ஏனுங்க, பொட்டிக்குள்ள எதுக்குங்க படுத்திருக்குறாரு?" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்.

"பிரயாணக் களைப்பு!" என்றேன்.

அவர் ஜன்னல் வழியே பெண்ணின் அறைக்குள் நுழைந்து, கழுத்தருகே குனிந்தார். வருங்கால மாமனார் முன்னால் என்ன சொல்வது?

"காதில் ரகசியம் சொல்கிறார்" என்றபடி திரும்பிப் பார்த்தேன். வண்டிச்சக்கரம் அளவு முகம், கூரிய பற்கள், வழியும் ரத்தம், எல்லாம் என் தோளுக்குப் பக்கத்தில்.

"ஐயோ, கடிக்கிறான்!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தேன். விழுந்த இடம் எடப்பாடிக்காரர் மடி. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

அவர் நிதானமாகச் சொன்னார்: "எறங்குங்க சாமி. மாப்பிள்ளையப் பாக்கத்தான் வந்தேன், மடியில வெச்சுக்க வரலைங்க."

மறுநாள் காலை, சம்பந்தம் போயிற்று என்று நாங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது அவரே வந்தார்.

"உங்க பையனுக்கு இங்கிலீசு வராதுங்க" என்றார் அப்பாவிடம். "ஆனா பயம் நல்லா வருதுங்க. அது போதும், எம் புள்ளைக்கு அடங்கி இருப்பான்."

அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்கும் நான் பத்திரிகையை உரக்கப் படித்தால், மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள்:

"ஏனுங்க, அது அதுல போட்டிருக்குதுங்களா, இல்ல நீங்களாச் சொல்றீங்களா?"