எருமைக் கழுத்தில் ஜெர்மன் ராஜா

இனி ஜெர்மன் ராஜாவின் மெடல் ஒன்றைக்கூட வாங்க மாட்டேன் என்று பெருமாள் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். செய்தது வெள்ளிக்கிழமை. உடைந்தது ஞாயிற்றுக்கிழமை.

உத்திரமேரூர் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாண்டுரங்கனாகிய எனக்கும், நாற்பது வருஷம் முன்பு சிம்மாசனத்தை விட்டு ஓடிப்போன ஜெர்மன் ராஜாவுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். என் மனைவி சிட்டம்மாளும் அதைத்தான் கேட்கிறாள். முதல் உலகச் சண்டைக்குப் போய் வந்த, பக்கத்துப் பெருநகர் கிராமத்துக்காரர் ஒருவர், பஞ்சர் ஒட்டியதற்குப் பதிலாக ஒரு கறுப்பு இரும்புச் சிலுவையைக் கொடுத்தார். மேல் முனையில் ராஜாவின் கிரீடம். அன்று பிடித்த பைத்தியம். இப்போது ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கிறது.

"மெடலு சேக்கிறியே, ஒரு சண்டையாவது போட்டிருக்கியா?" என்பாள்.

"தெனம் உன்னோட போடறேனே!"

"அதுல என்னிக்கி ஜெயிச்சே?"

கடைசியில் ஒருநாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "இன்னொண்ணு வூட்டுக்குள்ள வந்துச்சி, பொட்டியோட தூக்கி ஈயம் பூசறவனாண்ட போட்டுடுவேன். உருக்கி எடுத்துக்கினு போவட்டும்." அதற்குப் பிறகுதான் கற்பூரம்.

ஞாயிற்றுக்கிழமை பழஞ்சாமான் வியாபாரி முகம்மது கௌஸ், மெட்ராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து நேரே என் கடைக்கு வந்தார்.

"வாங்க வேணாம்ப்பா. சும்மா பாரு."

சும்மாதான் பார்த்தேன். வெள்ளைச் சிலுவை, நடுவில் சிவப்புக் கழுகு. பெர்லின் ராஜா பெரிய மனிதர்களுக்கு மட்டும் குத்தியது. எனக்கு இந்த ஜென்மத்தில் யாரும் ஒரு குண்டூசிகூடக் குத்தியதில்லை. வாங்கிவிட்டேன்.

ஒளித்து வைக்க நான் தேர்ந்தெடுத்த இடம் எருமைக்கான தவிட்டுப் பானை. அதை யாருமே திறப்பதில்லை என்று நினைத்தேன். நான் திறந்ததில்லை, அதனால்.

சாயங்காலமே சிட்டம்மாள் கையும் களவுமாக நின்றாள். கை அவளுடையது, களவு என்னுடையது.

"இன்னாய்யா இது?"

"தாயத்து! எருமைக்குத் திருஷ்டி. பால் கொறஞ்சி போச்சேன்னு திருப்புலிவனத்துல மந்திரிச்சி வாங்கியாந்தேன்."

"கோழி போட்டுக்கீது?"

"கெருடன்டி! பெருமாளோட வாகனம்!"

"அப்போ தவிட்டுல இன்னா வேலை? கழுத்துல இல்ல கட்டணும்?"

உள்ளே போனாள். கறுப்புத் துணியில் வைத்துத் தைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து, எருமையின் கழுத்தில் கட்டிவிட்டாள். பெர்லின் ராஜா பார்த்திருந்தால் இரண்டாம் முறை நாட்டை விட்டு ஓடியிருப்பார்.

எங்கள் எருமை ஏரிச் சேற்றில் புரளாமல் வீடு திரும்பாது. முள்வேலியில் கழுத்தைத் தேய்க்கும். கயிறு அறுந்தால் என் கழுகு சேற்றுக்குள் போய்விடும். வேறு வழி? எருமைப் பக்கமே போகாத நான் அதை ஓட்டிக்கொண்டு போனேன், மேய்த்தேன், வைக்கோல் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். பால்கூட ஏறியது. பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் தன் புருஷன் சடையப்பனிடம், "பாத்துக் கத்துக்கோ" என்றாள். அன்றிலிருந்து சடையப்பன் என்னோடு பேசுவதில்லை.

பிரித்து எடுக்கவும் முடியவில்லை. சிட்டம்மாள் தினமும் தையலைத் தடவிப் பார்ப்பாள். "பிரிஞ்சா பலிக்காதுய்யா!" ஆகவே தையற்கடையில் உட்கார்ந்து தையல் கற்றேன். கழுகை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பிரேக் கட்டையை வைத்துத் தைத்துவிடுவது என்பது என் ராஜதந்திரம்.

ஏரிக்கரையில் ஆளில்லாத மத்தியானம். எருமையின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, பிளேடால் தையலைப் பிரித்தேன். உள்ளே இருந்தது உடைந்த தோசைக் கரண்டித் துண்டு.

ஈயம் பூசுகிறவன் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிறும் கையுமாக வீட்டுக்கு ஓடினேன்.

"சிட்டு! என் மெடலு எங்கடி?"

"தாயத்தா, மெடலா?"

மூச்சு வாங்கியது. "மெடலுதான்."

"உன் பொட்டியிலதான் கீது. அன்னிக்கே வச்சிட்டேன்."

திறந்தேன். அவளுடைய கல்யாணப் புடவைத் துண்டில் சுற்றி, துடைத்த பளபளப்போடு கழுகு படுத்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணுக்குத்தான் ஐயா அந்த ராஜா மெடல் குத்தியிருக்க வேண்டும்.

"ஈயம் பூசறவனாண்ட போட்டுடுவேன்னியே?"

"நீ ஆசையா சேத்ததப் போடுவேனா? ஒரு நாளு பொட்டியத் தொறந்திருந்தா பாத்திருப்பே. நீதான் எருமை பின்னாடியே சுத்திக்கினு கீறியே."

"சத்தியம் பண்ணிட்டு வாங்கிட்டேன், சிட்டு. தப்புதான்."

"அத்த பெருமாளாண்ட சொல்லிக்கோ" என்று சிரித்தாள். பிறகு என் கையிலிருந்த வெறும் கயிற்றைப் பார்த்தாள்.

"அது கெடக்கட்டும். எருமை எங்கய்யா?"