காராச்சேவைக் கைது செய்த அண்ணாச்சி

வெடிக்குப் பயப்படாத ஆளைக்கூட எங்கள் வட்டாரத்தில் பார்த்துவிடலாம். செக்கிங் அண்ணாச்சிக்குப் பயப்படாத ஆளைப் பார்க்கவே முடியாது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அங்கே போர்மேன். காலையில் கேட்டில் நின்று, உள்ளே வருகிறவர்களைச் சோதித்து விடுவது அவர் பொறுப்பு. பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் அவரைத் தாண்டி உள்ளே போனதில்லை. அவருடைய சொந்தப் பேர் சம்பளம் போடும் எனக்கே சட்டென்று ஞாபகம் வராது.

இப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் விருதுநகரில் நடந்த புற்றுநோய் விழிப்புணர்வு முகாமுக்குப் போய்விட்டு வந்தார். வந்தது வினை! புகையிலையையும் மதுவையும் தொடாதே, தினமும் நட, எடை ஏறவிடாதே, காய்கறி, கீரை, பழத்தைக் கூட்டு, ஆட்டுக்கறியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறை என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படி இருந்தால் நோய் வரும் வாய்ப்பு குறையும் என்பது டாக்டர் பேச்சு. அதை அண்ணாச்சி கேட்டில் வந்து முழங்கியது வேறு மாதிரி.

"வரவே வராதுலே!"

மறுநாள் முதல் சோதனை சாப்பாட்டுக்கும் நீண்டது. முதலில் மாட்டியது பேக்கிங் ரூம் மாரியக்கா.

"என்ன தாயி இது, தூக்குச்சட்டிக்குள்ள?"

"காராச்சேவு அண்ணாச்சி. சோத்துக்குத் தொட்டுக்கிட."

"எடுத்து வெளிய வையி. தீப்பெட்டின்னா ரூமுக்குள்ள வெடிக்கும், இது வயித்துக்குள்ள வெடிக்கும்."

"நீங்க நல்லா இருப்பீகளா?" என்று மாரியக்கா வைத வசவுகளை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். பிடிபட்ட சேவெல்லாம் காக்காய்க்குப் போனது. கொஞ்ச நாளில் எங்கள் கம்பெனிக் காக்காய்கள் பறக்க மாட்டாமல் நடந்து திரிந்தன.

முதலாளிக்கும் விலக்கில்லை. விருதுநகரிலிருந்து எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தவரின் காரை மறித்தார்.

"யோவ், கம்பெனியே என்னுதுய்யா!"

"கம்பெனி உங்களுதுதான் முதலாளி. குடலும் உங்களுதுதானே? டிக்கியைத் திறங்க."

என்னைப் பட்டாசுப் பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றிவிட்டார். "கணக்கப்பிள்ளை, மூணு பெட்டி வெயிட்டு கூட இருக்கீகளே! லோடைக் குறைங்க," என்று லோடுமேன்கள் முன்னால் மானத்தை வாங்கினார். ஆட்களை ஏற்றிவரும் வேனைப் பிள்ளையார் கோயிலோடு நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து எல்லோரையும் நடக்கவிட்டார். தீபாவளி சீசனிலும் இதே கூத்துதான். திட்டிக்கொண்டே நடந்தோம். நான் மட்டும் ஒரு பெட்டி இளைத்தேன்.

அப்புறம்தான் அந்த இடி விழுந்தது. மலத்தில் ரத்தம் போகிறது என்று அண்ணாச்சி தானாகவே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். குடலில் கட்டி, புற்றுநோய்தான் என்றார்கள். பீடியைத் தொடாத மனுஷனுக்கு, கீரையை மாடு மாதிரி தின்ற மனுஷனுக்கு! ஆரம்பத்திலேயே காட்ட வந்ததால் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

சில மாதம் கழித்து அண்ணாச்சி வேலைக்குத் திரும்பினார். கேட்டில் நின்றார். பீடி, தீப்பெட்டி, செல்போனை மட்டும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சேவு போனது, வடை போனது, முதலாளியின் பரோட்டாவும் வாசனை வீசிக்கொண்டு போனது. அண்ணாச்சி ஒன்றையும் மறிக்கவில்லை. உடம்பு தேறிவிட்டது, எங்கள் அண்ணாச்சிதான் திரும்பி வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்த மாரியக்கா, ஒருநாள் காலையில் கேட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என் சட்டியைத் திறந்து பாக்கலையா அண்ணாச்சி?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பாக்கச் சொல்லுத? வராது வராதுன்னு கத்துனேன். எனக்கே வந்துருச்சே தாயி."

"நல்லா இருக்கே கதை! செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, உடம்புல உள்ள கரண்டு இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தானே ரூமுக்குள்ள போறோம். அப்படிப் போயும் எங்கயாச்சும் வெடிக்கத்தானே செய்யுது? அதுக்காக நாளைக்கு நான் தீப்பெட்டியோட வரவா? விடுவீகளா?"

"அதெப்படி விடுவேன்?"

"அப்ப இதை மட்டும் ஏன் விடுதீக?"

அண்ணாச்சி சிரித்தார் பாருங்கள், கேட்டே அதிர்ந்தது.

"சட்டியைத் திற தாயி!"

உள்ளே சோறே இல்லை. சட்டி முட்டக் காராச்சேவு.

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "ஏலே, எல்லாரும் கேட்டுக்கிடுங்க! வராதுன்னு இனிமே சொல்ல மாட்டேன். குறையும்! குறையும்லே!"

அடுத்து நின்றது நான். காலையில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நானும் ஒரு சேவுப் பொட்டலம் வாங்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சட்டைப் பையில் வைத்திருந்தேன். அண்ணாச்சி அதை வெடுக்கென்று பிடுங்கினார். எத்தனையோ நாள் ஆசை ஆசையாகச் சேவு தின்றிருக்கிறேன். அன்றைக்குப் பறிகொடுத்ததில் கிடைத்த சந்தோஷம், ஒருநாளும் தின்றதில் கிடைத்ததில்லை.