பூட்டித் திறக்கும் பாடம்

விளையாட்டு வழிக் கற்றல் துறையிலிருந்து ஓர் ஆணை வெளிவந்தது. வீட்டில் நடக்கும் எந்த வேலையும் இனி வெறும் வேலையாக நடக்கலாகாது, சிறு குழந்தைக்கு அது விளையாட்டாகவும் பாடமாகவும் இருந்தே தீர வேண்டும் என்பது அதன் சாரம். கூடவே ஒரு நிபந்தனை. குழந்தையிடம் "செய்" என்று சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்கலாம்.

ஆணையைத் தட்டச்சு செய்த குமாஸ்தாவின் வீட்டிலேயே நாலு வயதில் ஒரு வாலு இருந்தது. பட்டப்பெயர்தான், ஆனால் நிஜப் பெயரைவிடப் பொருத்தமானது. குமாஸ்தாவின் மனைவி பஸ் கண்டக்டர். அந்தப் புண்ணியவதியின் காலைப்பொழுது எதிரிக்கும் வேண்டாம். பல் தேய்க்கச் சொல்ல முடியாது. "பிரஷ் எதுக்குன்னு நினைக்கிற?" என்று கேட்க வேண்டும். "பூனைக்குத் தலை சீவ" என்று பதில் வரும். அதையும் பாராட்டிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போகலாம். சட்டை போடும்போது பொத்தான்களை எண்ணி, நிறம் சொல்லி, கையெது காலெது என்று விசாரித்து முடிப்பதற்குள் அவளுக்குப் பாதி ஆயுள் போய்விடும். டிப்போ மேனேஜர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: "இன்னொரு நாள் லேட்டா வந்தீங்கன்னா உங்க வண்டியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

அப்படிப்பட்ட ஒரு காலையில் துறையின் இயக்குநர், குமாஸ்தா வீட்டை 'மாதிரி இல்லம்' என்று பார்வையிட வந்து நின்றார். அவர் தலையாட்டினால் குமாஸ்தாவுக்குப் பதவி உயர்வு.

"இன்னைக்கு என்ன பாடம்?"

"பூட்டித் திறத்தல் சார். பிஞ்சு விரலுக்கு நல்ல பயிற்சி."

வாலு வாசல் கதவை உள்ளிருந்து பூட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். திறத்தல் என்ற பகுதிக்கு வந்தபோது சாவியைக் காணோம்.

குமாஸ்தா குனிந்து, "சாவி எங்கே போயிருக்கும்?" என்றார்.

"நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?" என்றது வாலு.

இயக்குநர் பூரித்துப்போனார். "கேட்டீங்களா? பதிலே சொல்லாம நம்மளை யோசிக்க வைக்குது. நான் இந்த நிலைக்கு வர முப்பது வருஷம் ஆச்சு."

பிறகு அவர் கட்டிலுக்கடியில் தவழ்ந்தார். குமாஸ்தா மாவு டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். வெளியே இயக்குநரின் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வாலு நாற்காலிமேல் ஏறி நின்று, "நல்லா முயற்சி பண்றீங்க, விட்டுடாதீங்க" என்று அப்பாவின் குரலிலேயே ஊக்கப்படுத்தியது.

கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புருஷன் பக்கம் நகர்ந்தாள்.

"என்னங்க, நான் நேரா கேட்டுடவா?"

"வேண்டாம். சார் இருக்கார்."

"சார் இங்கேயேதான் இருக்கப்போறார். கதவு பூட்டியிருக்கில்ல?"

அதற்குமேல் அவளுக்குப் பொறுமை இல்லை. திரும்பினாள். "கண்ணு, சாவியைக் கொடு."

வாலு காலுறைக்குள்ளிருந்து சாவியை எடுத்து நீட்டியது.

"ஏன்டி இவ்வளவு நேரம் கொடுக்கலை?" என்று கேட்டபடியே அவள் கதவைத் திறந்தாள்.

"யாரும் கொடுன்னு சொல்லலையேம்மா."

இயக்குநர் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். "இது கட்டளை வாக்கியம்."

"ஆனா கதவு திறந்துடுச்சே சார்" என்றாள் அவள்.

"அதான் கவலையா இருக்கு. இது பரவினா துறையையே இழுத்து மூடணும். ஆமா, உங்களுக்கு எந்த டிப்போ?"

சொல்லிவிட்டு அவள் ஓடினாள். அவர் படியிறங்கும்போதே செல்போனைக் காதில் வைத்துவிட்டார். குமாஸ்தா மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

வழியெல்லாம் ஓடி, நேரத்துக்கு டிப்போவைப் பிடித்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவளுடைய டிக்கெட் மெஷின் வைத்த இடத்தில் இல்லை.

"மெஷின் எங்கே சார்?"

மேனேஜர் புன்னகைத்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"சார்?"

"மேலிடத்திலிருந்து போன் வந்தது. கட்டளையிடும் தாய்மார்களுக்கு விளையாட்டு வழிச் சிறப்புப் பயிற்சி. தேடுங்க."

"சார், மெஷினைக் கொடுங்க."

"பாருங்க, மறுபடியும் கட்டளை. லேட்டானா வண்டி வேற ஆளுக்குத்தான். அதுல மாற்றமில்லை."

அவள் பெஞ்சுக்கடியில் குனிந்தாள். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், நமக்காக இல்லாவிட்டாலும் தங்களுக்காகவாவது சத்தம் போடுவார்கள் என்று நம்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

முன் ஜன்னலில் ஒருவர் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். "அங்கே பாரு செல்லம், அந்த அக்கா எதைத் தேடுறாங்கன்னு நினைக்கிற?"

பஸ்ஸே யோசிக்க ஆரம்பித்தது.