கொள்ளிடத்தில் இறங்கிய தட்டு

உலகத்தில் உள்ள எல்லாமே கசியும் என்று நம்புகிறவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஃபேக்டரியில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பற்றவைத்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி, உள்ளே காற்றை அடைத்து, எங்காவது நுரை கிளம்புகிறதா என்று பார்ப்பது அங்கே அவருடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. கேஸ் சிலிண்டருக்குத் தடவினார், சரி. புதுக் குக்கருக்குத் தடவினார். மருமகனின் பைக் டயர்களுக்குத் தடவினார். என் மகளின் பிறந்தநாளுக்குக் கட்டியிருந்த பலூன்களைக்கூட விட்டுவைக்கவில்லை. கேக் வெட்டுவதற்குள் வீடெல்லாம் வழுக்கியது. திருவெறும்பூரில் அவருடைய நிஜப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். சோப்புத்தண்ணி சார் என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு சினிமா எடுத்தார். அதில் நான் நடித்தேன். இன்னும் உயிரோடு இருக்கிறேன்.

வாலிப வயதில் அவர் பார்த்துச் சொக்கிப்போன கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. வானத்திலிருந்து பறக்கும் தட்டு இறங்கும், அதிலிருந்து அயல்கிரகத்துக்காரன் வருவான். அதைப் புதிதாக மறுபடி எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார். புதுப் படத்தில் தட்டே இல்லை. பெரிய ஒளி உருண்டை ஒன்று வந்து நின்றது. அதற்குள்ளிருந்து ஒருவன் ஆவி மாதிரி நழுவி வெளியே வந்தான். சோப்புத்தண்ணி சார் எழுந்து நின்றுவிட்டார்.

“கதவு எங்கய்யா? கதவு இல்லாம எப்படிய்யா இறங்கறான்?”

“உக்காருங்க சார், மறைக்குது” என்றது பின் வரிசை. அவர் உட்காரவில்லை. இடைவேளையில் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார்.

“சார், அது கிராபிக்ஸ்” என்றார் மேனேஜர் பரிதாபமாக.

“ஒரு ஜாயின்ட் உண்டா? ஒரு போல்ட் உண்டா? இதுல அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தானாம். நான் எடுத்துக் காட்டறேன் பாருங்க!”

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே அவர் வீட்டுக் கொல்லையில் பொறி பறந்தது. தகரத்தில் செய்தால் போதும் என்று எத்தனையோ சொன்னேன். “தகரமா? ஆள் போற வண்டி தம்பி அது” என்று இரும்புத் தகட்டில் இறங்கிவிட்டார். இரண்டு தாம்பாளத்தைக் கவிழ்த்து ஒட்டினாற்போல ஒரு தட்டு. முன்பக்கம் ரப்பர் வைத்த கதவு. அடியில் ஆள் நுழைய வட்டமாக ஒரு வழி, அதற்கும் ரப்பர் வைத்து போல்ட் போட்ட மூடி. உச்சியில் புகை விடுவதற்கு ஒரு குழாய். முடிந்ததும் ஒரு வாளி சோப்புத் தண்ணீர் கரைத்துத் தட்டு முழுக்கத் தடவினார். சினிமாவுக்குச் செய்த சாமானுக்கு லீக் டெஸ்ட் பார்த்த ஒரே டைரக்டர் அவராகத்தான் இருப்பார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அயல்கிரகத்துக்காரனாக என்னைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் வைத்திருந்தார். “உனக்குக் கழுத்து நீளம், கன்னம் ஒட்டிப்போயிருக்கு. மேக்கப் செலவு மிச்சம்.” எனக்கு ஒரே ஒரு வசனம். கதவைத் திறந்துகொண்டு வந்து, கையை உயர்த்தி, “பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்துகொண்டேன்.

கேமராவுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ராகவன் வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர், ட்ரோன் வைத்திருந்தார். தட்டைச் சுமக்க உப்பிலியபுரத்திலிருந்து முருகேசன் டிராக்டரோடு வந்தார். இடம், கொள்ளிடத்து மணல். “மேலேர்ந்து வர்றவன் கண்ணுக்கு முதல்ல ராஜகோபுரம்தானே தெரியும்? அதப் பாத்துத்தான் இறங்குவான்” என்று சார் சொன்னதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ராகவன் மட்டும், “பெருமாள் சேவிக்க வந்தவன்னு வச்சுக்கலாமே” என்று சேர்த்துக்கொண்டார்.

ஆற்றங்கரையில் எனக்கு வெள்ளி நிற ரெக்சினில் தைத்த அங்கியை மாட்டினார்கள். கதவு வழியாக ஏறினால் புதுப் பெயிண்டில் கால் தடம் விழும் என்று, டிராக்டர் டிரெய்லரில் தட்டு இருக்கும்போதே, பின்பக்கம் வெளியே நீட்டியிருந்த அடி வழியாக என்னை உள்ளே ஏற்றினார் சார். மூடியைப் பொருத்துவதற்கு முன்பு முகத்தை உள்ளே நீட்டிச் சொன்னார்:

“தம்பி, ஃபேக்டரில ட்ரம்முக்குள்ள ஒருத்தன் இறங்கினா வெளிய ஒருத்தன் நிக்கணும். உள்ள இருக்கறவன் வர்ற வரைக்கும் ஒன்னுக்குக்கூடப் போகக் கூடாது. உள்ளேர்ந்து தட்டினா வெளியேர்ந்து திருப்பித் தட்டணும். நான் நிக்கறேன், போ.”

போல்ட் முறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு டிரெய்லர் சாய்ந்தது, தட்டு சறுக்கியது, மணலில் பொத்தென்று உட்கார்ந்தது. அடி வழி மணலோடு அடைந்துபோனது. அதனால் என்ன, முன்கதவு இருக்கிறதே?

“ஆக்‌ஷன்!” என்றார் சார்.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்தேன். காலால் உதைத்தேன்.

வெளியே ராகவன் உற்சாகமாகச் சொல்வது கேட்டது. “பேஷ்! மெதுவா வரட்டும். சஸ்பென்ஸ் நன்னா இருக்கு.”

“யோவ், கதவு திறக்கலைய்யா!” என்று கத்தினேன். பிறகு குழாய் வழியாக சாரின் குரல் இறங்கியது. அவ்வளவு மெலிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“தம்பி... டேக் போட்டுட்டேன்.”

வண்டியில் ஏறும் எந்தச் சாமானிலும் ஆடுகிற பாகம் இருந்தால், வழியில் கழன்றுவிடாமல் இரண்டு இடத்தில் பொட்டு வைத்தாற்போல வெல்டிங் வைப்பார்கள். அதுதான் டேக். முப்பது வருஷப் பழக்கம். நேற்று கை தானாக வைத்திருக்கிறது. அதன் மேல் வெள்ளிப் பெயிண்டும் அடித்திருக்கிறது. இறக்கியதும் அதை வெட்டி எடுக்க வேண்டும் என்பது மட்டும் மறந்துவிட்டது.

“கட்டர் இருக்கா சார்?”

“கேஸ் கட்டர் வச்சா உன் அங்கி பத்திக்கும். கிரைண்டருக்குக் கரண்ட் இல்ல. உளி இருக்கு. பயப்படாத.”

உளியில் சுத்தியல் விழ ஆரம்பித்தது. உள்ளே வெயில் இறங்கி வேகவைத்தது. ஒவ்வோர் அடிக்கும் என் பல்வரிசை ஆடியது. குழாய் வழியாகத் தெரிந்த துளி வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அதுவரை எரிச்சல்தான் இருந்தது. பயம் வந்தது அதற்கப்புறம்தான். கரையில் ஓர் ஆட்டோ மைக்கைப் போட்டுக்கொண்டு போனது.

“கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிடப்பட்டுள்ளது. ஆற்றுக்குள் இருப்பவர்கள் உடனடியாகக் கரை ஏறவும்.”

சுத்தியல் நின்றது. முருகேசனின் குரல் பதறியது. “சார், இழுத்துப் பாத்துருவோம்!” சங்கிலி மாட்டும் சத்தம், டிராக்டர் உறுமும் சத்தம். தட்டு ஒரு முழம் நகர்ந்து மணலுக்குள் மூக்கைச் சொருகிக்கொண்டது. சக்கரம் வெறுமனே சுற்றியது.

“இரும்புல செஞ்சு தொலைச்சிருக்கீங்களே!” என்று முருகேசன் கத்தினார். நான் வாயைத் திறக்காமலேயே என் மனசைச் சொன்ன புண்ணியவான்.

“வண்டிய மேட்டுக்குக் கொண்டு போய்யா. நீளக் கயிறா இதுல கட்டிட்டுப் போ. நான் சொல்றப்ப இழு” என்றார் சார். டிராக்டர் தூரத்தில் தேய்ந்தது. சுத்தியல் மறுபடி வேகம் பிடித்தது. “ஒரு டேக் போச்சு தம்பி! இன்னும் ஒன்னுதான்!”

அப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டேன். தகட்டுக்கு வெளியே, காலடியில், யாரோ புடவையை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல ஒரு சரசரப்பு. தண்ணீர்.

சுத்தியல் நின்றுவிட்டது.

“சார்! ஏன் நிறுத்திட்டீங்க? அடிங்க சார்!”

“இனிமே அடிக்க மாட்டேன்.”

“சார்!”

“கதவு திறந்தா தண்ணி உள்ள வந்துடும். இப்ப இது மூடியிருக்கறதுதான் உனக்கு நல்லது.”

கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். பெண்டாட்டி பேரைச் சொல்லி அழுதேன். ரங்கநாதரைக் கூப்பிட்டேன், வேண்டுதல் வைத்தேன். தட்டு லேசாக அசைந்தது. ஒரு பக்கம் தூக்கியது.

“நுரை வரலை தம்பி” என்று குழாய் பேசியது. “கதவு, மூடி, எல்லா ஜாயின்ட்டும் தடவிப் பாத்தேன். ஒரு இடத்துலகூட நுரை வரலை. நீ சிரிச்சியே, ஞாபகம் இருக்கா? பயப்படாத, நான் இருக்கேன்.”

என் வசனம். நான் ஒத்திகையில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

தட்டு மிதந்தது. தலைக்கு மேலே டொக் டொக் என்று தட்டும் சத்தம். நானும் தட்டினேன். அவர் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. “இழுடா முருகேசா!” என்று அவர் போட்ட கூச்சல் குழாய்க்குள் இடிபோல இறங்கியது. மணலில் ஒரு முழத்துக்கு மேல் நகராதது தண்ணீரில் பரிசல் மாதிரி போனது. சுழன்றது, சாய்ந்தது, எதிலோ இடித்தது. ஒவ்வொரு முறையும் நான் தட்டினேன், அவர் திருப்பித் தட்டினார். ஒரு முறை பதில் வரத் தாமதமானது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு வந்தது, டொக் டொக்.

அடியில் கரை உரசியது. உளி கடைசி டேக்கை வெட்டியது. கதவு திறந்தது. வெளியே கரையில் பெருங்கூட்டமே நின்றது. வெள்ளி அங்கியோடு நான் தவழ்ந்து வந்ததைப் பார்த்து ஒருவர் கும்பிட்டேவிட்டார். வசனமாவது, ஒன்றாவது. நான் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

சார் என்னைத் தாண்டி உள்ளே கையை விட்டுத் தடவினார். காய்ந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “ஒரு சொட்டு இல்ல, பாத்தியா?” சொல்லி முடிக்கவில்லை, அப்படியே உட்கார்ந்து கோவென்று அழுதார்.

சேதி கேட்டு ஆட்டோ பிடித்து வந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “நீச்சல் தெரியாத மனுஷன் ஆத்து நடுவுல ஏறி உக்காரலாமா? வாளித் தண்ணியையே எட்ட நின்னு ஊத்திக்கற ஆளாச்சே நீங்க!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிராக்டரோடு அவரும் கரைக்குப் போயிருக்கலாம். கயிறு இழுக்க அவர் தேவையில்லை.

“உள்ள ஆள் இருக்குல்லடி” என்றார் அவர், மூக்கைச் சிந்திக்கொண்டே.

ராகவன் கரையிலிருந்து ட்ரோனை விட்டு எல்லாவற்றையும் எடுத்திருந்தார். கல்யாண வீடியோப் பழக்கத்தில் நாலு மூலையிலும் ரோஜாப்பூ வைத்து, நாதஸ்வரம் சேர்த்துக் கொடுத்தார். நாங்கள் எடுத்த படம் அவ்வளவுதான். சார் அதை அடிக்கடி போட்டுப் பார்ப்பார். “கதவு இருக்கு பாரு” என்பார்.

போன மாதம் அவருக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, “இதயத்துல ஒரு வால்வு லீக் ஆகுதுங்க” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெற்றி. என்னைத் திரும்பிப் பார்த்து, “எல்லாமே லீக் ஆகும்னு சொன்னேன்ல?” என்றார். ஆனால் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையை விடவில்லை. விரல்கள் சில்லென்று இருந்தன. கதவு மூடிக்கொண்டது.

அவர் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் கதவருகே போய் நின்றேன். காபி குடிக்கப் போகவில்லை. வேறெங்கும் போகவில்லை. நர்ஸ் ஒருத்தி இரண்டு தடவை பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

“இன்னும் ரொம்ப நேரமாகும் சார், போய் உக்காருங்க. நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“உள்ள அவர் இருக்காரும்மா. வெளிய நிக்கறவன் நான்” என்றேன்.

சாயங்காலம் கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில் கண் மூடிப் படுத்திருந்தார். ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியில் டொக் டொக் என்று தட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அவர் விரல் மெதுவாக எழுந்து, கம்பியைத் திருப்பித் தட்டியது.